கலர் பிரிட்ஜ் கையேடு: திருகோணமலையில் நெடுநாள் பயன்படுத்திய பின் சொல்ல இருப்பவை

நிறங்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் பான்டோன் நிறுவனத்தின் கலர் பிரிட்ஜ் என்ற நிறக் கையேட்டை வாங்கலாமா என்று வடிவமைப்பு வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார் அடிக்கடி கேட்கிறார்கள். விலைதான் அவர்களைத் தயங்க வைக்கிறது. வாங்குங்கள் என்பதே என் பதில். ஆனால் அதில் அச்சிட்டிருக்கும் எண்களுக்காக வாங்காதீர்கள். அச்சுத் தகடு அடிப்பதற்கு முன், வாடிக்கையாளரை எதிரில் இருத்திக் காட்டுவதற்காக வாங்குங்கள்.

கையேட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, அந்த நிறத்தைத் தனி மையாகக் கலந்து அச்சிட்டது. பக்கத்துக் கட்டம், சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டு அதை எவ்வளவு நெருங்கலாம் என்று காட்டுவது. 1963 இல் பான்டோன் முறை வந்தபின், நிறத்தை எண்ணால் சொல்வது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் சின்னங்கள் பல வெளிநாட்டில் வரையப்பட்டு, ஒரு பான்டோன் எண்ணோடு இங்கே வந்து சேர்கின்றன. உணவுப் பட்டியலிலும் விளம்பர மடிப்பிதழிலும் கடற்கரைப் படம் இருக்கும் என்பதால் நால்வண்ண அச்சு கட்டாயம். சின்னத்துக்கென்று ஐந்தாவது மை சேர்த்தால் இன்னொரு தகடு, இயந்திரம் கழுவும் நேரம், இன்னொரு ஓட்டம். சில நூறு பிரதிகளுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. ஆகவே தனி மை நிறத்தை நான்கு மைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றும்போது எல்லா நிறங்களும் ஒரே அளவில் இழப்பதில்லை. சியானுக்கு அருகில் நிற்கும் கடல் நிறங்கள், மஞ்சள், குங்குமச் சிவப்பு, மங்கலான மண் நிறங்கள் ஆகியவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. இரண்டு கட்டங்களையும் பார்த்து ஏறக்குறைய ஒன்று என்று சொல்லிவிடலாம். செம்மஞ்சள், ஒளிரும் பச்சை, ஊதா, அடர்நீலம் ஆகியவற்றில்தான் இடைவெளி கண்ணில் அடிக்கிறது. நான்கு மைகளும் முழுத் தூய்மையானவை அல்ல. மெஜந்தா மை பச்சை ஒளியை மட்டும் விழுங்காமல் நீல ஒளியிலும் ஒரு பங்கை விழுங்குகிறது. சியானும் பச்சையில் ஒரு பங்கை விழுங்குகிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் வரும் நீலம் இருண்டு, கத்தரிப்பூப் பக்கம் சாய்ந்துவிடும். ரிஃப்ளெக்ஸ் புளூ என்ற நீலத்தை மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நீலத்துக்கு நான் விடாமல் பிடித்திருக்கும் வழி, சியானுக்கும் மெஜந்தாவுக்கும் இடையே குறைந்தது 30 சதவீத இடைவெளி விடுவது. சியான் 100 என்றால் மெஜந்தா 70 ஐத் தாண்டக் கூடாது. நிறம் மூல நீலத்தைவிடச் சற்று வெளிறும். ஆனாலும் நீலமாகவே இருக்கும். கணினி தரும் விகிதம் அளவுகோலில் இன்னும் நெருக்கமானதாக இருக்கலாம். ஆனால் அச்சு ஓட்டத்தில் மெஜந்தா சிறிதளவு கூடினாலும் விடுதியின் நீலம் ஊதாவாகிவிடும். ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் விகிதமே எனக்கு நல்ல விகிதம்.

காவி நிறத்தில் கையேட்டின் உண்மையான பயனைக் கண்டேன். கோயில் திருவிழா அழைப்பிதழ் ஒன்றுக்கு, ஆரஞ்ச் 021 போன்ற பளிச்சென்ற நிறம் வேண்டும் என்று அறங்காவலர் ஐயா ஒருவர் கேட்டார். கையேட்டை விரித்து இரண்டு கட்டங்களையும் காட்டினேன். நான்கு மைக் கட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது பலமுறை தோய்த்த காவி வேட்டி மாதிரி அல்லவா இருக்கிறது, தம்பி" என்றார். அந்தப் பளபளப்பு நான்கு மையில் வராது, ஆனால் குறை எந்தப் பக்கம் போவது என்பதை நாம் தீர்மானிக்கலாம் என்று விளக்கினேன். மஞ்சள் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் இருக்கும், ஆழம் குறையும். சிவப்புப் பக்கம் சாய்ந்தால் ஆழம் இருக்கும், செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். "அப்படியென்றால் மஞ்சள் பக்கமே போகட்டும்" என்றார். அச்சாகி வந்தபோது அவருக்கும் எனக்கும் இடையே ஒரு வாக்குவாதமும் இல்லை.

நிறம் பொருத்துவது என்றால் எனக்கு இதுதான். எட்ட முடியாத நிறத்தை எட்டியதாகக் காட்டுவதில் பயனில்லை. எந்த இழப்பை ஏற்பது என்பதை, அந்த நிறத்துக்கு உரியவரே முன்கூட்டித் தெரிவு செய்ய வேண்டும். திரையில் இதைச் செய்ய இயலாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாளில் மை காட்டுகிறது.

இனி எண்கள். கையேட்டில் உள்ள விகிதங்கள், பான்டோன் தன் அச்சு நிலையில், தன் தாளில் அடித்தபோது பெற்றவை. இலஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருள்கள் கருவியையோ மையையோ சாராமல் நிறத்தைக் குறிக்கும் லேப் (Lab) அளவிலிருந்து, எந்தத் தாளில், எந்த அச்சு நிலையில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் நிற புரொஃபைல் வழியாகத் தாமே விகிதம் கணக்கிடுகின்றன. பூச்சுள்ள தாளுக்கான ஃபோக்ரா39 இல் ஒரு விகிதம் வரும், பூச்சற்ற தாளுக்கான ஃபோக்ரா52 இல் வேறொன்று வரும். நான் முதலில் அச்சகத்தில் எந்த புரொஃபைலுக்கு ஓட்டுகிறார்கள் என்று கேட்டு, அதில் கணினி தரும் விகிதத்தை எடுத்து, கையேட்டின் விகிதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிறகு கையால் சுத்தம் செய்கிறேன். சுத்தமான மஞ்சளுக்குள் கணினி இரண்டு மூன்று சதவீத சியானைப் போட்டு வைத்திருக்கும். அது மஞ்சளை அழுக்காக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை, எடுத்துவிடுவேன். மெல்லிய எழுத்தாக வரும் நிறத்தை இரண்டு மைக்குள் அடக்கப் பார்ப்பேன். தமிழ் எழுத்தின் சுழிகளும் கொம்புகளும் சிறிய அளவில் மிக மெல்லியவை. நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் ஓரங்களில் நிற நிழல் தெரியும்.

எண்ணின் பின்னால் வரும் எழுத்தும் பலரைக் குழப்புகிறது. ஒரே எண்ணில் சி என்பது பூச்சுள்ள தாளில், யு என்பது பூச்சற்ற தாளில் அந்த நிறம் எப்படித் தெரியும் என்பதைக் குறிக்கிறது. மை ஒன்றே. பூச்சற்ற பொண்ட் தாள் மையை உறிஞ்சி, புள்ளிகளைப் பெருக்கி, நிறத்தை மங்கச் செய்கிறது. கடிதத்தாள் அடிக்கப் போகிறவர் பூச்சுள்ள தாளின் கையேட்டைக் காட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது. அதே கடிதத்தாளில் ஒரு நிறம் மட்டுமே என்றால் மாற்றவே வேண்டாம். தனி மையிலேயே அடிப்பது மலிவு, நிறமும் சரியாக வரும்.

கோப்பை அனுப்பும் முன் கோப்பில் உள்ள மைகளைத் தனித்தனியாகக் காட்டும் அக்ரோபட்டின் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து பாருங்கள். பழைய சின்னங்களில் ஒரே நிறம் சி என்றும், அதன் பழைய குறியான சிவிசி என்றும் இரண்டு பெயரில் ஒளிந்திருக்கும். நிழல், ஒளிபுகு விளைவுகள் தனி மையின் மேல் இருந்தால் மாற்றியபின் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொன்று: 2022 நவம்பருக்குப் பிறகு அடோபி மென்பொருள்களில் பெரும்பாலான பான்டோன் நூலகங்கள் உள்ளடங்கி வருவதில்லை; அவற்றுக்கு பான்டோன் கனெக்ட் என்ற தனி இணைப்பு வேண்டும். அதற்குப் பின் அச்சிட்ட கையேட்டின் மதிப்பு எனக்குக் கூடியிருக்கிறது.

பெரிய வேலைகள் இங்கிருந்து கொழும்பு அச்சகங்களுக்குப் போகின்றன. மாதிரித் தாள் பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் கடைக்குள் குழல்விளக்கின் கீழ் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அச்சுத்துறையின் பார்வை ஒளி 5000 கெல்வின். அதற்குரிய விளக்குப் பெட்டி நம்மில் பலரிடம் இல்லை. பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத தாழ்வார நிழலில், கையேட்டையும் மாதிரியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மை காய்ந்த பின் பாருங்கள். ஈரத்தில் இருக்கும் செறிவு காய்ந்ததும் குறையும், பூச்சற்ற தாளில் இன்னும் குறையும். மட் லமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் உறை) போடப் போவதாக இருந்தால், அது போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கையேட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். உலோக மைகளும் ஒளிரும் நியான் நிறங்களும் இதில் இல்லை, தங்க நிறம் கேட்டு வரும் திருமண அழைப்பிதழ்காரருக்கு இது உதவாது. தனி மையைக் கலக்கும் அளவுகளும் இல்லை. அதற்கு ஃபோர்முலா கையேடு வேண்டும். தாள் மஞ்சளாவதால் 12 முதல் 18 மாதங்களில் மாற்றச் சொல்வது பான்டோனின் பரிந்துரை. கடற்காற்றும் மாரி காலத்து ஈரமும் உள்ள நம் ஊரில், மேசையில் விரித்து வைத்தால் ஓரங்கள் இன்னும் விரைவில் நிறம் மாறுகின்றன. உறைக்குள் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொதியோடு மூடிய இழுப்பறையில் வைக்கிறேன். அடிக்கடி கேட்கப்படும் நீலங்களும் காவிகளும் உள்ள பக்கங்கள் கைபட்டு முதலில் தேய்கின்றன.

ஒருவரால் வாங்க இயலாவிட்டால் அருகருகே உள்ள இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து வாங்கலாம். பூச்சுள்ள தாளுக்குரியதை முதலில் எடுங்கள், இங்கே வரும் வேலையில் பெரும்பகுதி ஆர்ட் தாள் எனப்படும் பூச்சுள்ள தாளில்தான் போகிறது.