ஒரு லைட், ஒரு தெர்மாகோல் அட்டை: ஆக்டாபாக்ஸோடு சில வருஷங்கள்

300 வாட்-செகண்ட் (ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் அளவு) ஸ்டுடியோ ஃபிளாஷ் ஒன்று, அதன் முன்னால் 120 செ.மீ. ஆக்டாபாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் எட்டுமூலைத் துணிப்பெட்டி. சில வருஷமாக எங்கள் ஸ்டுடியோவில் எடுக்கும் போர்ட்ரெய்ட்டில் முக்கால்வாசி இந்த ஜோடியில்தான். கூடவே வாங்கிய இரண்டாவது லைட்டும் குடைகளும் பெரும்பாலும் பரண்மேல்தான் கிடக்கின்றன. லைட் வாங்க யோசனை கேட்டு வருபவர்கள் முதலில் வாட்ஸைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் பெட்டி எவ்வளவு அகலம், முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்த முடிகிறது என்பதில்தான் படத்தின் தலையெழுத்தே இருக்கிறது.

ஆளை உட்காரவைத்து, முகத்திலிருந்து மூன்றடியில், 45 டிகிரி பக்கவாட்டில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே லைட்டைக் கொண்டுவருவேன். கேமராவில் துளை எஃப் 8, ஷட்டர் 1/125 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100. இதற்குக் கால் பவரே தாராளம். இதே அளவில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் அறையின் டியூப்லைட் படத்துக்குள் நுழையவில்லை என்று அர்த்தம். மறுபக்கம் தெர்மாகோல் அட்டை. அதை முகத்தருகே கொண்டுவந்தால் நிழல் கரைந்துவிடும். விலக்கி, லைட்டையும் இன்னும் பக்கவாட்டில் தள்ளினால் நிழல் விழும் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு வெளிச்ச முக்கோணம் மிஞ்சும். அதுதான் ரெம்பிராண்ட் லைட்டிங். உருண்டை முகமாக இருந்தால் அட்டையை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியைத் தொங்கவிடுவேன், முகம் சற்று ஒடுங்கித் தெரியும்.

லைட் முகத்துக்குப் பக்கத்தில் நிற்பதில் இன்னொரு லாபம் உண்டு. தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒன்றாகிவிடும். முகம் மூன்றடியில், பின்சுவர் ஒன்பதடியில் என்றால் சுவர் மூன்று ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) இருண்டு, வெள்ளைச் சுவரே சாம்பல் பேக்டிராப் ஆகிவிடுகிறது. எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் இடம்தான் இல்லாத பொருள், அதனால் இது பெரிய உபகாரம்.

"கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்கண்ணா" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. எக்ஸ்போஷரைத் தூக்கி முகத்தை வெளுக்கவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அதில் படியும் பளபளப்புதான். சின்ன லைட் என்றால் அந்தப் பளபளப்பு நெற்றியிலும் மூக்கிலும் வியர்வைப் பொட்டு மாதிரி சுருங்கி நிற்கும். பெரிய ஆக்டாபாக்ஸ் அதையே கன்னத்து எலும்பு நெடுக அகலமாகப் பரப்புகிறது. பெட்டியின் நடுப்பகுதியை நேராக முகத்துக்குக் காட்டாமல், சற்றுத் திருப்பி விளிம்பு வெளிச்சம் மட்டும் படும்படி வைத்தால் இன்னும் பதமாக இருக்கும். அப்படி எடுத்த படத்தைக் காட்டியபிறகு "கலர்" பேச்சை யாரும் எடுப்பதில்லை.

சரி, குறைகள். அறுபதாம் கல்யாணத் தம்பதி வந்தால் இந்த அமைப்பு உதவாது. ஐயா மூன்றடியிலும் அம்மா ஐந்தடியிலும் உட்கார்ந்தால் இருவருக்கும் ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம் வந்துவிடும். லைட்டை எட்டடிக்குத் தள்ளினால் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்குள் அடங்கும், ஆனால் நிழலின் மென்மை போய்விடும். அதனால் குரூப் போட்டோவுக்கு ஆக்டாபாக்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலேயே ஃபிளாஷை அடிப்பேன். சுவர் முழுக்க லைட்டாகிவிடும். சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது முக்கியம். வீடுகளில் அடிக்கிற இளம்பச்சை பெயின்ட் என்றால் எல்லோர் முகத்திலும் பச்சை ஏறும்.

கண்ணாடி போட்டவர்களுக்கும் இது கொஞ்சம் படுத்தும். இவ்வளவு பெரிய பெட்டி லென்ஸில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். லைட்டை உயர்த்தி, கண்ணாடியின் காதுப்பிடியைச் சற்றே தூக்கிவைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பொருள் எப்படி உழைத்தது? முதலில் போனது மாடலிங் லேம்ப், அதாவது நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டியே பார்க்க ஃபிளாஷுக்குள் எரியும் சின்ன விளக்கு. அப்புறம் முன்துணியின் வெல்க்ரோ பிடிப்பை இழந்தது. தையல்காரரிடம் கொடுத்துப் புதிதாக வைத்துக்கொண்டேன். வெள்ளைத்துணி லேசாக மஞ்சளாகியிருக்கிறது, படத்தில் நிறம் மாறாமலிருக்க வெள்ளைச் சமநிலையைக் கிரே கார்டு என்ற சாம்பல்நிற அட்டை வைத்துச் சரிசெய்துகொள்கிறேன். ஃபிளாஷ் குழாய் இன்னும் பழையதுதான். பெட்டியை ஃபிளாஷில் மாட்டும் வளையம் போவன்ஸ் (Bowens) மவுன்ட் என்பதால் பல கம்பெனிப் பெட்டிகளும் பொருந்துகின்றன. அந்த பிரிட்டிஷ் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டாலும் அதன் மவுன்ட் சந்தையில் நிலைத்துவிட்டது. லைட் வாங்கும்போது இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது எல்லோரும் எல்இடிக்கு மாறுகிறார்கள். வீடியோவும் எடுப்பவர் என்றால் அதுதான் சரி, விழும் நிழலைக் கண்ணாலேயே பார்க்கலாம். படம் மட்டும் எடுக்கிற எனக்கு ஃபிளாஷே போதும். குழந்தை தலையைத் திருப்பினாலும் படத்தில் அசைவு உறைந்து நிற்கிறது. மங்கலான அறையில் கண்மணி விரிந்திருப்பதால் கண்ணும் அழகாக வருகிறது. எல்இடியைப் பக்கத்தில் வைத்தால் பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் உட்கார்கிறார்கள்.