செட்டிநாட்டு வீட்டில் வால்வு ஆம்ப்: பெரும்பாலும் ஹம் பற்றி

கானாடுகாத்தான் அண்ணன் ஒருவர், வீட்டிலேயே வால்வு ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்) கட்டலாமா என்று கேட்டிருந்தார். இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் ஸ்பீக்கரை ஓட்ட ஒவ்வொரு ஈஎல் 84 வால்வு, முன்னால் சிக்னலைப் பெருக்க ஒரு ஈசிசி 83, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஈஜட் 81. சர்க்யூட் அவருக்குத் தெரியும், அதை விளக்கப் போவதில்லை. ஃபில்டர் கன்டென்சர் மாற்றிய கையோடு எழுதுகிறேன். எரிச்சல் தெரிந்தால் அதுதான் காரணம்.

முதலில் சத்தம், ஏனென்றால் நியாயமாக அதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக்கு நாலு வாட்தான். 92 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் போட்டால் பட்டாலை (வீட்டின் பெரிய கூடம்) நிறைந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் சத்தத்தை உறிஞ்சாமல் திருப்பி அடிப்பதால், ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பவானி ஜமுக்காளம் விரிப்பது நல்லது. நாகசுரத்தின் உச்சிச் சுரம் காதைக் குத்தாமல் முழுசாக வருகிறது. வயலினில் வில் திரும்பும் இடம் கேட்கிறது. அதே அறையில் ஐசி ஆம்ப் வைத்துக் கேட்டால் இந்த நெருக்கம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இனி ஹம், அதாவது பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் கேட்கும் 'ம்ம்' என்ற இரைச்சல். ஃபேன் சுற்றும் அறையில் யாருக்கும் தெரியாத ஹம், நம் வீடுகளில் ராத்திரி தெரியும். கனத்த சுவர், உள்கட்டு, தெருச் சத்தம் எட்டாது. இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஐந்துக்கு மேல் போனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அது மட்டும்தான் கேட்கும்.

ஹம் இரண்டு வகை. போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்தாலே பிரித்துவிடலாம். 100 ஹெர்ட்ஸில் நின்றால் பவர் சப்ளை. 50 ஹெர்ட்ஸில் நின்றால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை), ட்ரான்ஸ்பார்மர் வைத்த இடம், அல்லது எர்த்.

100 ஹெர்ட்ஸைச் சரிசெய்வது சுலபம். ஈஜட் 81க்கு அடுத்த முதல் கன்டென்சர் 50 மைக்ரோபாரடைத் தாண்டக் கூடாது, 47 போதும். 85 மில்லிஆம்ப் இழுக்கும்போது அதன்மேல் சுமார் 18 வோல்ட் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) நிற்கும். அடுத்து 470 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோபாரடும் போட்டால் அது முப்பதில் ஒரு பங்காகும். ரெசிஸ்டருக்குப் பதில் 10 ஹென்றி சோக்கு (இரும்புத் தகட்டில் சுற்றிய கம்பிச்சுருள்) போட்டால் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கு. சோக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். கன்டென்சர் 450 வோல்ட், 105 டிகிரி ரகமாக, ஈஜட் 81இலிருந்து தள்ளி இருக்க வேண்டும். வால்வுச் சூட்டிலும் நம் ஊர் கோடையிலும் உள்ளே காய்ந்துபோன கன்டென்சர்தான் பழைய ஆம்ப்பில் திடீரென 100 ஹெர்ட்ஸ் ஏறுவதற்கு முதல் காரணம். இப்போது மாற்றியதும் அதுதான்.

50 ஹெர்ட்ஸ்தான் உயிரை வாங்குவது. ஹீட்டர் வயரை இறுக்கமாக முறுக்கி, சேஸிஸ் (ஆம்ப்பின் உலோகப் பெட்டி) மூலையோடு ஒட்டி ஓட்டுங்கள். இரண்டு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டு, அவை சேரும் இடத்தைத் தரையோடு (சர்க்யூட் கிரவுண்டோடு) இணைக்காமல் 40 வோல்ட் டிசிக்கு உயர்த்துங்கள்: எச்டியிலிருந்து (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) 270 கே ஓம், அங்கிருந்து தரைக்கு 47 கே, அதன் குறுக்கே ஒரு 47 மைக்ரோபாரட். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு (வால்வில் எலக்ட்ரான் வெளிவரும் முனை) கசிவது இதில் அடங்கும். ட்ரான்ஸ்பார்மரைப் பொருத்தத் துளை போடும் முன்னால், பவர் ட்ரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் செகண்டரியில் ஹெட்போன் மாட்டி, அந்த அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஹம் காணாமல் போகும் கோணம் ஒன்று கிடைக்கும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்போது. அங்கே துளை போடுங்கள். சேஸிஸ் இரும்பு வேண்டாம், 2 மில்லிமீட்டர் அலுமினியம்.

இத்தனையும் செய்தபின் மிஞ்சுவது எர்த். பழைய வீடுகளில் இன்னும் மரச்சட்டத்தில் ஓடும் டூ-பின் வயரிங் இருக்கிறது. எர்த் இல்லாத சேஸிஸைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும். பாட்டுக்குப் போனைச் சார்ஜரோடு இணைத்தால், சார்ஜரின் கசிவு கரண்ட் பாட்டு வயரின் தரை வழியாகத்தான் ஓடும். உர்ர் என்று கேட்பது அதுதான். எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 280 வோல்ட் டிசி உள்ள பெட்டியில் அதைச் செய்யச் சொல்வது கொலைக்குச் சமம். சேஸிஸ் நேராக எர்த்துக்குப் போக வேண்டும். சிக்னல் தரையைச் சேஸிஸோடு ஒரே இடத்தில் சேருங்கள். தரை வயர்கள் வட்டமாகச் சேர்ந்து லூப் இருந்தால் நடுவே 10 ஓமும், அதற்குக் குறுக்கே ஒரு பிரிட்ஜ் டயோடும் போடலாம். எர்த்துக்கு இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும். நம் செம்மண் சித்திரையில் சுக்காகக் காய்ந்துவிடும். அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் பெயருக்குத்தான்.

லைன் வோல்டேஜையும் சொல்ல வேண்டும். ராத்திரி 255 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டர் ஏழாகிறது, பத்து சதவீத வரம்பைத் தாண்டுகிறது. பவர் ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரியில் 250 வோல்ட் டேப் (அந்த வோல்டேஜுக்கான தனி இணைப்பு) கட்டாயம் கேளுங்கள். அந்த நேரத்தில் ஈஎல் 84ஐப் பிடுங்கிவிட்டு ஓட்டினால் முதல் கன்டென்சரில் 390 வோல்ட் ஏறும். 350 ரகம் வெடிக்கும். ஈஎல் 84இன் கேத்தோடில் 135 ஓம் போட்டால் வால்வு 12 வாட் வரம்பிலேயே நிற்கும். 220 ஓம், 2 வாட் போட்டு அதன்மேல் எட்டரை வோல்ட் அளவில் வைத்தால் 9 வாட்டுக்குள் அடங்கும். பவர் கொஞ்சம் குறையும், வால்வு நீடிக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதை ஓட்டவே வேண்டாம். உச்ச வோல்டேஜ் குறைவதால் எச்டி விழுந்துவிடும், கூடவே ரீங்காரம்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது லைனில் சீரியஸாக ஒரு பல்பு, ஸ்பீக்கர் முனையில் 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டர், ஒரு கை முதுகுக்குப் பின்னால். லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் உள்ளே பொரிந்துவிடும். ஃபீட்பேக் (ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து முன் வால்வுக்குத் திரும்பும் வயர்) இணைத்ததும் ஊளையிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரி வயர் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோ கிடைத்தால் நாப், சாக்கெட் எடுத்துக்கொள்ளலாம். மெழுகுக் கன்டென்சரை மட்டும் எடுக்காதீர்கள். டிசி கசிந்து ஈஎல் 84இன் இரண்டாம் காலுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்) பாசிட்டிவ் வந்தால் பிளேட் செக்கச் சிவக்கும். பெங்களூரு பெல் தயாரித்த பழைய வால்வு நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

இவ்வளவு நல்ல சத்தத்தைச் சொல்லிவிட்டு, அண்ணனுக்கு என் பதில்: வேண்டாம். அவர் வீட்டில் எர்த் இல்லை, இருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். எர்த் குழி போட்டபின் கேட்டால் வேறு பதில் சொல்வேன். அப்போது அவுட்புட் ட்ரான்ஸ்பார்மருக்கு வைண்டிங் கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 7 கே ஓமுக்கு 8 ஓம், சுற்று விகிதம் முப்பதுக்கு ஒன்று, ஸ்டெபிலைசருக்குப் போல ஈ, ஐ தகடுகளை மாற்றி மாற்றி அடுக்காமல் ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவில் 0.1 மில்லிமீட்டர் காகிதம்.