மேசை விளக்கின் இரைச்சலைக் காட்டி டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக்கொண்ட கடை: பழைய ஸ்டீரியோ வைத்திருப்போர் கவனத்திற்கு

பழைய ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி), ரெக்கார்டு பிளேயர், வால்வு ரேடியோ போன்றவற்றைப் பழுதுபார்க்கக் கொடுக்க நினைக்கும் கடலூர், புதுச்சேரி நண்பர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படித்த பிறகு பெட்டியைக் கடைக்குத் தூக்குங்கள். புதுச்சேரியில் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுசெல்லும் விவகாரம் என்பதால் கடையின் பெயரையும் தெருவையும் இங்கே குறிப்பிடவில்லை.

என்னிடம் இருப்பது ஜப்பானின் சான்சூய் நிறுவனம் செய்த ஒரு ரிசீவர். பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து சொல்தாவாக, அதாவது ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரராக, ஊர் திரும்பிய என் சித்தப்பா, 1970-களில் பிரான்சிலேயே வாங்கிக் கொண்டுவந்தது. அவர் காலத்துக்குப் பிறகு அது கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் மரவேலைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. இழைப்பு வேலை முடிந்து மெருகு போடும் நேரத்தில் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும். பட்டறையில் இருந்த செம்புச் சோக் வைத்த பழைய 40 வாட் டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு, விலை குறைந்த எல்இடி டியூப்லைட்டுகளை மாட்டிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. ரெக்கார்டு பிளேயரைத் தேர்ந்தெடுத்தால் "ங்ர்ர்" என்று ஒரு கரகரத்த இரைச்சல் கேட்டது. முன்பு தெளிவாகக் கிடைத்த திருச்சி வானொலியின் மீடியம் வேவ் 936 கிலோஹெர்ட்ஸிலும் அதே இரைச்சல் நிலையத்தையே மூழ்கடித்தது. ஆனால் வேறு கருவிகளை இணைப்பதற்கான ஆக்ஸ் பக்கம் திருப்பினால் பெட்டி நிசப்தமாகிவிடும். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் இரைச்சல் அடியோடு நின்றுவிடும். இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியோடு சேர்த்தே கடைக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் தாளைப் படிக்கவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்து, மூடியைக் கழற்றி, பின்புறம் ரெக்கார்டு பிளேயரை இணைக்க இருக்கும் ஃபோனோ துளையில் ஒரு வயரைச் செருகி, ஸ்பீக்கரில் இரைச்சலை எழுப்பிக் காட்டினார். "மெயின் கண்டென்சர் எல்லாம் போயிடுச்சு சார், டிரான்ஸ்ஃபார்மரும் லீக் அடிக்குது, அப்படியே விட்டா பெட்டியே எரிஞ்சிடும்" என்றார். அந்த ஃபோனோ துளைக்கு ஒரு சாண் தொலைவில், பூதக்கண்ணாடியைச் சுற்றி வட்டமாக எல்இடி பதித்த மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே வரிசையாக எல்இடி டியூப்லைட்டுகள். கண்டென்சர், டிரான்ஸ்ஃபார்மர், கூலி என்று எழுதி ரூ. 11,500 வாங்கிக்கொண்டார். ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச்சீட்டுதான் பில். கழற்றிய பாகங்களைக் கேட்டபோது, பழைய இரும்புக்காரரிடம் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது.

கண்டென்சர் போய்விட்டது என்ற அந்தத் தீர்ப்பு அடிப்படையிலேயே பொருந்தாது. நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலையைத் தணிப்பதுதான் மெயின் ஃபில்டர் கண்டென்சரின் வேலை. அது வலுவிழந்தால் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற ஓர் உறுமல் எழும். பெரும்பாலான பெட்டிகளில் அந்த உறுமல் எந்தப் பக்கம் திருப்பினாலும் இருக்கும், வால்யூமைச் சுழியத்தில் வைத்தாலும் இருக்கும். வால்யூமைக் குறைத்தால் நின்றுவிடுகிற, ஃபோனோவிலும் மீடியம் வேவிலும் மட்டுமே கேட்கிற இரைச்சல், வால்யூமுக்கு முன்பே உள்ளே நுழைகிறது என்று பொருள். ஆண்டுக்கணக்கில் கடை நடத்துபவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்பது என் கருத்து.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாததை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். எல்இடி விளக்கின் உள்ளே டிரைவர் என்னும் சிறிய மின்சுற்று உண்டு. அது மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. இந்த வெட்டலின் மடங்கு அலைவரிசைகள் மீடியம் வேவ் முழுவதும், சில வேளைகளில் அதற்கு மேலும் பரவுகின்றன. நல்ல விளக்கில் இதைத் தடுக்க ஒரு சுருளும் கண்டென்சரும் கொண்ட வடிகட்டி இருக்கும். விலையைக் குறைக்க முதலில் விடப்படுவது அதுதான். வடிகட்டி இல்லாவிட்டால் சுவருக்குள் ஓடும் வயர் முழுவதும் ஏரியலாக மாறிவிடுகிறது. ரெக்கார்டு பிளேயரின் காந்த முள்முனையிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கும் ப்ரீ ஆம்ப் பகுதியின் முதல் டிரான்சிஸ்டர், காதுக்கு எட்டாத அந்த உயர் அலைகளையும் பிடித்து, அவற்றின்மேல் ஏறியிருக்கும் 100 ஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்து ஒலியாக்கிவிடுகிறது. இந்த விளக்குகள் புழக்கத்துக்கு வராத காலத்தில் வடிவமைக்கப்பட்ட பெட்டி அது. அதன் இரண்டு முனை மின்கம்பியில் எந்த வடிகட்டியும் இல்லை. அதனால் பெட்டி பழுது என்று சொல்லிவிட முடியாது.

பட்டறைக்குக் கொண்டுவந்து மாட்டினேன். அதே இரைச்சல். கூடவே, முன்பு இல்லாத ஒரு மெல்லிய அதிர்வும் அடித்தட்டிலிருந்து வந்தது. மூடியைத் திறந்து, முன்பு தூசி துடைத்தபோது கைப்பேசியில் எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டேன். பில்லில் "புதிது" என்று எழுதியிருந்த இரண்டு பெரிய கண்டென்சர்களும் பழையவையேதான். அவற்றின் அடியில் தொழிற்சாலையில் ஊற்றிய பழுப்பு நிறப் பசை இறுகி, வெடிப்பு விட்டு, கைபடாமல் அப்படியே இருந்தது. அந்தப் பசையை உடைக்காமல் கண்டென்சரைக் கழற்றவே முடியாது. தலைப்பகுதியை மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர்தான் மாறியிருந்தது. உலோக உறை போட்டு, ஜப்பானிய எழுத்துகளோடு இருந்த கனத்த டிரான்ஸ்ஃபார்மர் போய், உறையே இல்லாத, அளவில் சிறிய, நம் ஊரில் சுற்றிய ஒன்று உட்கார்ந்திருந்தது. திருகுத் துளை பொருந்தாததால் அடித்தட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஓடினால் அதன்மேல் கை வைக்க முடியாத சூடு. சான்சூய் 1947-இல் டோக்கியோவில் தொடங்கப்பட்டபோது செய்ததே ரேடியோவுக்கான டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். அந்தப் பெட்டிகளில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பாகத்தை. இன்று கடையில் புதிதாகக் கிடைக்காத அதைக் கழற்றி வைத்துக்கொண்டால், அதே வகைப் பெட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் நல்ல விலைக்கு விற்கலாம். அதற்காகத்தான் செய்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடலூர் முதுநகரில் முன்பு ரேடியோ கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு மீண்டும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியை மேசைமேல் ஏற்றி, இரைச்சலைக் காட்டி, "இது வேற பிராப்ளம் சார், ப்ரீ ஆம்ப் போர்டு மாத்தணும்" என்று ஆரம்பித்தார். பெரியவர் எதுவும் பேசவில்லை. பூதக்கண்ணாடி விளக்கின் பிளக்கை மட்டும் பிடுங்கினார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. "தம்பி, அந்த டியூப்லைட்டையும் அணைச்சிடுப்பா" என்று வேலைக்காரப் பையனிடம் சொன்னார். அவன் அணைத்ததும் ஸ்பீக்கர் மௌனமானது. கடைக்காரர் பையனைப் பார்த்து "உன்னை யார்டா அணைக்கச் சொன்னது, போடு" என்று கத்தினார். விளக்கு எரிந்தது, இரைச்சலும் திரும்பியது. டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிக் கேட்டதற்கு, போட்டது போட்டதுதான் என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

உங்கள் பெட்டியில் இப்படி இரைச்சல் வந்தால், கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பேட்டரியில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு விளக்கின் அருகிலும், மின்விசிறி ரெகுலேட்டரின் அருகிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். எது எழுப்புகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். வால்யூமைத் திருகும்போது மட்டும் "கரகர" என்றால் அது வேறு. கடற்காற்றின் உப்பு வால்யூமின் உள்ளே படிந்திருக்கும், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். விளக்கு வாங்கும்போது அதன் அட்டைப்பெட்டியில் உள்ள பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள், அது முதன்மையாக மின்பாதுகாப்புக்கானது; விளக்குகள் எழுப்பும் மின்காந்த இரைச்சலுக்கு எல்லை வகுப்பது சிஸ்பர் 15 என்னும் வேறொரு வரையறை. நான் ரிசீவர் பக்கத்து விளக்குகளை வடிகட்டி உள்ளவையாக மாற்றி, ரிசீவரின் மின்கம்பியை, உயர் அலை இரைச்சலைத் தணிக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றிவிட்டேன். செலவு அந்தப் பில்லின் அருகில்கூட வரவில்லை.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், மூடியைத் திறந்து உள்பக்கத்தை, குறிப்பாக டிரான்ஸ்ஃபார்மரின் எழுத்துகளும் கண்டென்சர் அடிப்பசையும் தெரியும்படி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் எந்தப் பாகமும் உங்களிடம் திரும்பவேண்டும் என்று வேலை ஒப்புகைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மேசையில் இரைச்சலைக் காட்டினால், விளக்குகளை அணைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களும் சும்மா இருக்கவேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கவேண்டும், ரூ. 5 லட்சம் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் கிடையாது. நான் படங்களையும் துண்டுச்சீட்டையும் இணைத்து மனுவைத் தயார் செய்துவிட்டேன். இதே முறையில் புதுச்சேரியில் டிரான்ஸ்ஃபார்மரை இழந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், பழைய படமும் பில்லும் வைத்திருப்பவர்கள் என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.