மூன்று இரவுகளுக்கு எந்த ஊர்: பிராக்கா, வியன்னாவா, புடாபெஸ்டா?

அக்டோபர் நடுவில் சேர்ந்தாற்போல நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. நான் வேலை பார்ப்பது பெர்லினில். மனைவி முதலில் பாரிஸ் என்றாள். பாரிஸை மூன்று இரவில் முடிக்க முயல்வது கல்யாண வீட்டில் ரசத்தோடு எழுந்து வருவது மாதிரி, அதற்கு ஒரு வாரமாவது வேண்டும் என்று பேசி அவளைச் சம்மதிக்க வைத்தேன். மிச்சம் இருந்தவை மூன்று ஊர்கள்: பிராக், வியன்னா, புடாபெஸ்ட். மூன்றும் ஒரு காலத்தில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கையில் இருந்தவை. மூன்றிலும் ஓர் ஆறு, ஒரு பழைய அரண்மனை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கைகோர்த்து நடக்கத் தோதான தெருக்கள். படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று உட்கார்ந்தால் முடிவுக்கே வர முடியாது.

கடைசியில் பிராக் போனோம். மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் மூன்று இரவு என்றால் பிராக்தான். நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும்.

எல்லாரும் கேட்கும் விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். விசா மூன்றுக்கும் ஒன்றே, மூன்றும் ஷெங்கன் நாடுகளில் இருக்கின்றன. பணம்: வியன்னாவில் யூரோ, பிராக்கில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரிண்ட். கார்டு பெரும்பாலும் எங்கும் செல்லுபடியாகிறது. செலவு: வியன்னா அதிகம், புடாபெஸ்ட் குறைவு, பிராக் நடுவில். ஆனால் பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்தில் காபி குடித்தால் வியன்னா விலைதான். சாப்பாடு: சைவக்காரர்களுக்கு மூன்றிலும் சீஸ், உருளைக்கிழங்கு, காளான் என்று பிழைப்பு ஓடிவிடும். பிராக்கில் பொரித்த சீஸ், வியன்னாவில் கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசை, புடாபெஸ்டில் லாங்கோஷ். நம் ஊர் பூரியைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பொரித்து மேலே புளிப்பு க்ரீமும் சீஸும் போட்டால் அதுதான் லாங்கோஷ். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுவே.

சரி, முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு சின்னக் கணக்கு.

முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு அறையில் பெட்டியை வைக்கிறோம். நான்காம் நாள் மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்புகிறோம். காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுப்பதாக வைத்தால், விழித்திருக்கும் நேரம் மொத்தம் 45 மணி. அருங்காட்சியகம், அரண்மனை, ஓவியக்கூடம் எல்லாம் சுமாராகக் காலை பத்து முதல் மாலை ஆறு வரை. அப்படிக் கதவு திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் முதல் நாள் 3, நடுவில் இரண்டு நாள் எட்டு எட்டு, கடைசி நாள் 2. ஆக 21 மணி. மீதி 24 மணி நேரம் கதவுகள் மூடியிருக்கும். குறுகிய பயணத்தில் பாதிக்கு மேல் அதுதான். ஆகவே ‘எந்த ஊரில் பார்க்க அதிகம் இருக்கிறது’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். கதவு மூடியிருக்கும்போது எந்த ஊர் என்ன தருகிறது என்பதுதான் என் கேள்வி.

வியன்னாவின் செல்வம் பெரும்பாலும் கதவுக்கு உள்ளே இருக்கிறது. கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ப்ரூகல் ஓவியங்களுக்கு ஒரு முழுக் காலை வேண்டும். பெல்வெடேர் அரண்மனையில் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம். 1,441 அறைகள் கொண்ட ஷான்ப்ரூன் அரண்மனையில் நமக்குக் காட்டுவது சில டஜன் அறைகளைத்தான், அதற்கே நுழைவுச்சீட்டில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். வேலை விஷயமாக இரண்டு நாள் அங்கே போயிருந்தபோது மாலை ஆறே காலுக்கு ரிங்ஸ்ட்ராஸ்ஸே சாலையில் நின்றது நினைவிருக்கிறது. 1865-ல் திறந்த, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் வட்டச் சாலை. இரண்டு பக்கமும் மாளிகைகள். கம்பீரம்தான், ஆனால் குதிரை வண்டியில் போகிறவர்களுக்காக அளவெடுத்துக் கட்டிய கம்பீரம். நடக்கிறவனுக்கு ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது வருவதற்குள் அலுத்துவிடுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இசை ரசிகர்களுக்கு என் கணக்கு அப்படியே தலைகீழ். ஸ்டாட்ஸ் ஓபெர் என்ற வியன்னா ஓபெரா அரங்கில் நின்றுகொண்டு பார்க்கும் சீட்டு மிக மலிவு, அதுவும் கதவுகள் மூடிய பிறகான மாலை நேரத்தில். நான் போனதில்லை. மூன்று மணி நேரம் நின்று ஓபெரா கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் வியன்னா போங்கள், என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பிராக் தன் செல்வத்தைத் தெருவிலேயே போட்டு வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழாமல் இல்லை. ஆனால் பெர்லினையும் டிரெஸ்டனையும் போலப் பழைய நகரம் மொத்தமாக அழியவில்லை. பெர்லினில் வாழ்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே போய் நின்றதும் தெரிந்துவிடும். கோதிக் கோபுரம், அடுத்து பரோக் தேவாலயம், அடுத்து நூறு வருடத்துக்கு முந்தைய பூவேலைப்பாட்டு வீடு என்று ஒரே தெருவில் அறுநூறு வருடம் வரிசையில் நிற்கிறது. சீட்டு வாங்காமல் பார்க்கலாம்.

பொஹீமியா என்ற பழைய செக் ராஜ்யத்தின் அரசர்கள் முடிசூட்டிக்கொள்ளப் போன ராஜபாதை ஒன்று உண்டு. 1475-ல் கட்டத் தொடங்கிய வெடிமருந்துக் கோபுரத்தில் ஆரம்பித்து, செலெட்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம், ஆற்றுக்கு அக்கரையில் மாலா ஸ்ட்ரானா என்ற பகுதி, பிறகு நெருடோவா தெரு ஏற்றம், உச்சியில் கோட்டை. இரண்டரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். ஊரின் முக்கால்வாசிப் பெருமை இந்த ஒரு கோட்டில் அடங்கிவிடுகிறது. நெருடோவாவில் வீட்டு வாசல்களுக்கு மேலே பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். 1770-ல் வீடுகளுக்கு எண் போடும் வரை சின்னங்கள்தான் முகவரி. மூன்று பிடில் போட்ட வீடு இன்னும் இருக்கிறது. வயலின் செய்கிறவர்கள் குடியிருந்த வீடாம்.

இந்த ஏற்றம் முழங்காலுக்கு ஆகாது. அரசர்கள் ஏறட்டும், நாம் இறங்கலாம். 22-ஆம் எண் டிராம் கோட்டைக்குப் பின்னால் மேட்டிலேயே கொண்டுபோய் விடும். இந்த ஒரு யோசனைக்கு மனைவியிடம் பாராட்டுக் கிடைத்தது, அதனால் குறிப்பிடுகிறேன்.

சார்லஸ் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது 1357-ல். ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5:31 என்பார்கள். 1-3-5-7-9-7-5-3-1 என்று ஒற்றை எண்களாக ஏறி இறங்கும்படி சோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தமாம். முகூர்த்தம் பலித்திருக்கிறது. 1841 வரை நகரத்துக்குள் வ்ல்டாவா ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் இதுதான். அரைக் கிலோமீட்டர் நீளம், இரு புறமும் 30 சிலைகள். பகல் பதினொன்றுக்குப் போனால் சிலைகளையும் பார்க்க முடியாது, ஆற்றையும் பார்க்க முடியாது. முன்னால் போகிறவரின் முதுகுப்பைதான் தெரியும்.

நாங்கள் காலை ஏழுக்குப் போனோம். “ஏங்க, லீவுல வந்தும் அலாரமா?” என்று முதல் நாள் இரவு ஒரு சின்னச் சண்டை. ஆனால் அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் உதிப்பதே ஏழு இருபது வாக்கில். ஜூனில் போகிறவர்கள் இதற்காக ஐந்து மணிக்கு முன்பே நிற்க வேண்டும், எங்களுக்கு அந்தத் தண்டனை இல்லை. பாலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், அதில் ஒரு சீன ஜோடி கல்யாண உடையில் போட்டோகிராபரோடு. ஆற்றிலிருந்து பனி எழுந்து சிலைகளின் இடுப்பு வரை வந்து நின்றது. 1393-ல் அரசன் கட்டளையால் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட புனிதர் நெபோமுக் யோவானின் வெண்கலச் சிலைதான் பாலத்தில் உள்ளவற்றில் பழையது. அதன் பீடத்துத் தகடு தொட்டுத் தொட்டுத் தங்கம் மாதிரி மின்னுகிறது. தொட்டால் திரும்ப வருவோம் என்று நம்பிக்கை. மனைவி தொட்டாள். நான் சும்மா இருப்பானேன் என்று நானும் தொட்டேன்.

அப்புறம் கோட்டை. கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. முற்றங்கள் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கின்றன, சும்மா நடக்கலாம். 1344-ல் தொடங்கி 1929-ல் முடித்த புனித வீட்டஸ் பேராலயத்தின் முன்னால் இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தோம். ஐரோப்பாவில் இவ்வளவு பேர் வந்து போகும் ஓர் இடத்தில் இப்படித் தனியாக நின்றது எனக்கு அதுவே முதல் முறை. அந்த 24 மணி நேரக் கணக்கு சரிதான் என்று நான் நிச்சயம் செய்துகொண்டது அங்கேதான்.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: தங்குமிடம் உள்ளேயே இருக்க வேண்டும். இருபது நிமிடம் தள்ளி எடுத்தால் அறை மலிவு, உண்மை. ஆனால் அங்கிருந்து யாரும் விடியற்காலையில் கிளம்பி வரப்போவதில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு எட்டரைக்கு எழுந்து, பத்து மணிக் கூட்டத்தோடு கூட்டமாகப் பாலத்துக்கு வந்து, ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று திரும்புவார்கள். நாங்கள் மாலா ஸ்ட்ரானாவில் எடுத்தோம். பாலத்துக்கு ஆறு நிமிட நடை. பட்ஜெட்டை மீறித்தான் போயிற்று, அருங்காட்சியகச் சீட்டுகளில் மிச்சம் பிடித்ததாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வியன்னாவில் இந்தக் கவலையே இல்லை. அங்கே மெட்ரோவுக்குப் பக்கத்தில் எந்த மூலையில் தங்கினாலும் ஒன்றுதான்.

பிராக்கின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 1410-ல் செய்த வானியல் கடிகாரம் அற்புதமான பொருள். ஆனால் மணிக்கு ஒரு முறை அப்போஸ்தலர்கள் சன்னலில் வந்து போவதைப் பார்க்க அரை மணி நேரம் கழுத்தை நீட்டிக் காத்திருப்பது வீண், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டிர்டெல்னிக் என்று உருளையில் சுட்டு விற்கும் இனிப்பை ‘பழைய செக் பலகாரம்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அது சுற்றுலாக்காரர்களுக்காகப் பரவிய பலகாரம். வாசனை மட்டும் போதும். ஓர் உணவகத்தில் நாங்கள் கேட்காமலே மேசையில் வைத்த ரொட்டிக்கும் பில்லில் காசு சேர்த்திருந்தார்கள். தொடும் முன் கேட்டிருக்க வேண்டும், எங்கள் தப்பு பாதி. தெருவோரப் பண மாற்றுக் கடைகளில் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையை நம்பிவிடாதீர்கள், கொள்ளை மாற்று விகிதத்திலேயே ஒளிந்திருக்கும். மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் பணத்தைத் திரும்பக் கேட்க 2019 முதல் சட்டம் இடம் தருகிறது.

எல்லாவற்றுக்கும் மேல் தரை. பழைய நகரம் முழுக்கக் கருங்கல் பாவிய தெருக்கள். சக்கரம் வைத்த சூட்கேஸை இழுத்தால் தெருவே எழுந்துகொள்ளும். என் பெட்டியின் ஒரு சக்கரம் இப்போது சாய்ந்து ஓடுகிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, நாங்கள் இருவர் மட்டுமே போனோம். குழந்தைகள் இருந்தால் 1752-ல் தொடங்கிய ஷான்ப்ரூன் மிருகக்காட்சி சாலையும் பிராட்டர் பூங்கா ராட்டினமும் உள்ள வியன்னாதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

புடாபெஸ்டைப் பற்றி நான் பேசுவதில் பாதிக்குப் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பரில் இரண்டு இரவு, நண்பர்களோடு, பெரும்பாலும் மூடுபனியில். அப்படியும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இரவுக் காட்சியில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. டான்யூபின் கரையோரமாகவே ஓடும் 2-ஆம் எண் டிராமில் ஏறி உட்கார்ந்தால், விளக்கேற்றிய நாடாளுமன்றம், 1849-ல் திறந்த சங்கிலிப் பாலம், எதிர்க்கரை மேட்டில் அரண்மனை என்று எல்லாம் சன்னலில் வந்து போகும். சாதாரண டிராம் சீட்டு போதும். 1913-ல் திறந்த செசெனி வெந்நீர்க் குளத்தில் வெளியே உறைபனி, கழுத்து வரை சூடு என்று நின்றதை மறக்க முடியாது. சங்கடம் தூரத்தில் இருக்கிறது. 1873 வரை தனித்தனி ஊர்களாக இருந்தவற்றைச் சேர்த்த நகரம் அது. மேட்டிலுள்ள மீனவர் கொத்தளத்திலிருந்து வீரர் சதுக்கத்துக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ இருக்கிறது, டிராம் இருக்கிறது, ஆனால் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே நீங்கள் பயணி. பிராக்கில் அந்த இடைவெளியே இல்லை. கோடையில் போயிருந்தால் ஒருவேளை இந்தப் பத்தியை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பெர்லினிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சாதகம்: பிராக் ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், வியன்னா அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு மணற்பாறைகளுக்கு நடுவே வளைந்து வரும். போகும்போது இடது பக்க சன்னல், திரும்பும்போது வலது பக்கம்.

திரும்பும்போது நான் வலது பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். பாறைகள் வந்தபோது மனைவி பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாளும் தினம் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்திருக்கிறோம் என்று அவள் போன் காட்டியது.

“அந்த வெந்நீர்க் குளம் எந்த ஊர்ல இருக்குன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள்.