யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செயலி செய்து பிழைக்க எந்த வழி எவ்வளவு தாங்கும்?

தனியாளாக மொபைல் செயலி செய்து சீவிக்கலாமா என்று கேட்கிற பெடியளுக்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில் "விளம்பரம் போடு" அல்லது "சந்தா வை". இரண்டும் பாதிப் பதில்தான். கோண்டாவிலில் இருந்து எழுதுகிற செயலியைக் கோண்டாவில்காரர் பாவிக்கிறாரா, கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற அவருடைய மருமகள் பாவிக்கிறாரா என்பதில்தான் வருமானத்தின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு வேண்டும். மாதம் 150,000 ரூபா என்று வைப்போம். 2025 ஏப்ரலில் இருந்து தனியாளுக்கான வருமான வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம். மாதத்துக்குப் பிரித்தால் இதே தொகைதான். டொலர் 300 ரூபா என்று பிடித்தால் 500 டொலர். கீழே வருகிற விலைகளும் விளம்பர வீதமும் கணக்குக்காக நான் வைத்தவை. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

விளம்பரம்

இங்கே செயலி என்று தொடங்குகிறவர்களில் பலர் போய் நிற்கிற இடம் பரீட்சை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம். தமிழ்மொழி மூலம் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல செயலிகள் குறைவு, தேவையோ பெரிது. ரியூசன் வாத்தியார் தன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தடவை போட்டுவிட்டால் தானாகப் பரவும். எல்லாம் உண்மைதான்.

ஆனால் செயலிகளுக்கு விளம்பரம் தருகிற கூகுளின் சேவையான அட்மொப்பில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. கனடாவில் இருப்பவரின் திரைக்கு வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் போட்டி போட்டுக் கேட்கும். மானிப்பாயில் இருக்கிற மாணவரின் திரைக்கு அந்தப் போட்டி இல்லை. ஆயிரம் காட்சிக்கு (விளம்பரம் ஒரு தடவை திரையில் வருவது ஒரு காட்சி) அரை டொலர் என்று வைத்தால் 500 டொலருக்கு மாதம் பத்து இலட்சம் காட்சி வேண்டும். ஓர் ஆள் நாளுக்கு நாலு விளம்பரம் பார்த்தால் மாதத்துக்கு 120. ஆக, கிட்டத்தட்ட 8,300 பேர் தேவை. தரவிறக்கிவிட்டு மறந்துபோனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. தினமும் திறக்கிறவர்கள் மட்டும் 8,300 பேர். பரீட்சை முடிந்த அன்றைக்கே செயலியைப் போனிலிருந்து அழித்துவிடுவார்கள். அடுத்த வருசத்துப் பிள்ளைகளைப் பூச்சியத்தில் இருந்து பிடிக்க வேண்டும்.

புலமைப்பரிசில் செயலிக்கு இன்னொரு சிக்கல். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான செயலி என்றால் அது கூகுளின் குடும்பக் கொள்கைக்குள் வரும். பிள்ளையின் விருப்பங்களைப் பார்த்துக் காட்டுகிற விளம்பரங்களை அங்கே போட முடியாது. ஏலத்தில் விலை இன்னும் இறங்கும். கடந்தகால வினாத்தாள்களை அப்படியே ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் வினாத்தாளின் தலைப்பைப் பார்க்கட்டும்: "முழுப் பதிப்புரிமையுடையது" என்று அச்சிட்டிருக்கும். கேள்விகளை நீங்களே தயாரிப்பதென்றால் ஒரு நல்ல வாத்தியாருடன் பங்குபோட வேண்டிவரும்; 500 டொலர் அத்தோடு 250 ஆகிவிடும்.

காசு வருகிற விதத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணக்கில் 100 டொலர் சேரும்வரை அட்மொப் எதுவும் அனுப்பாது. சிநேகிதரிடம் சொல்லி விளம்பரத்தை அழுத்த வைத்தால் அது போலி அழுத்தல் என்று பிடிபட்டுக் கணக்கே பறிபோகலாம். நம் ஊர்ப் பெருந்தன்மைக்கு இது பெரிய ஆபத்து. "மச்சான், உன்ர அப்பில நாலு தரம் அமத்தி விட்டனான்" என்று பாசத்தோடு வந்து சொல்லுவார்கள்.

சந்தாவும் ஒருமுறை விலையும்

என் கணிப்பில் யாழ்ப்பாணத்துத் தனியாளுக்கு உண்மையான சாதகம் இருப்பது இங்கேதான். ஆனால் செயலி வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கானதாக இருக்க வேண்டும். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்: பஞ்சாங்கம்.

ரொறன்ரோவில் இருக்கிற அம்மா இராகுகாலம் பார்க்கிறார். யாழ்ப்பாணத்தில் அது ஏறக்குறைய எப்போதும் ஒன்றரை மணித்தியாலம். காரணம், சூரிய உதயத்தில் இருந்து அத்தமனம்வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து ஒரு பங்கு எடுப்பது. நம் பகல் வருசம் முழுக்கப் பன்னிரண்டு மணியை ஒட்டியே நிற்கிறது. ரொறன்ரோவில் யூன் மாதக் கடைசியில் பகல் பதினைந்தரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. இராகுகாலம் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலமாக நீளும். டிசம்பரில் பகல் ஒன்பது மணித்தியாலம், இராகுகாலம் ஒரு மணியும் சில நிமிடங்களும். இதோடு கோடையில் மணிக்கூட்டை வேறு முன்னே தள்ளுகிறார்கள். ஊரில் அச்சடித்த கலண்டர் அங்கே ஏன் உதவாது என்பது இப்போது விளங்கும். திதியும் இப்படித்தான். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் பன்னிரண்டு பாகை கூடுகிற ஒவ்வொரு தடவையும் திதி மாறுகிறது. அந்தக் கணம் உலகம் முழுக்க ஒன்றே. ஆனால் அங்கே அது எந்தத் தேதியில், உதயத்துக்கு முன்னா பின்னா என்பது ஊருக்கு ஊர் வேறு. ஏகாதசி விரதம் ஒரு நாள் முன்பின்னாகப் போகும். பழைய வாய்பாட்டுப்படி கணிக்கிற வாக்கியமா, வானியல் கணக்குப்படி கணிக்கிற திருக்கணிதமா என்ற பழைய வழக்கு அதற்கு மேலே.

இதைச் சரியாகச் செய்து தரத் தமிழும் தெரிய வேண்டும், நிரலாக்கமும் தெரிய வேண்டும், குருக்கள் ஒருவரிடம் போய்க் கேட்கிற வசதியும் வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் நல்லூர். சிலிக்கன் பள்ளத்தாக்குக் கம்பனி எதுவும் இந்தச் சந்தைக்குப் போட்டிக்கு வரப்போவதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: கிரகக் கணிப்புக்குப் பலரும் எடுக்கிற சுவிஸ் எபிமெரிஸ் நூலகம் இரட்டை உரிமத்தில் வருகிறது. மூலநிரலைத் திறந்து வைக்க மனமில்லை என்றால் தொழில்முறை உரிமத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இனிக் கணக்கு. ஆண்டுச் சந்தா 20 டொலர் என்று வைப்போம். கூகுள் 2022 சனவரியில் இருந்து சந்தாவுக்கு 15 வீதம் எடுக்கிறது. அப்பிளிடமும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்குக் குறைவாக உழைப்பவர் சிறு தொழில் திட்டத்தில் சேர்ந்தால் அதே 15 வீதம். கையில் 17 டொலர். ஆண்டுக்கு 6,000 டொலர் வேண்டுமென்றால் 353 பேர் போதும். அங்கே தினமும் 8,300 பேர், இங்கே வருசத்துக்கு ஒருமுறை காசு கட்டுகிற 353 பேர். ஸ்காபரோவிலும் லண்டன் ஹரோவிலும் பாரிஸ் லா சப்பலிலும் கோயில் அறிவிப்புப் பலகைகளில் தொடங்கினாலே எட்டக்கூடிய எண்ணிக்கை.

நம்மவர் சந்தா என்றால் முகம் சுளிப்பார்கள் என்பதும் உண்மை. "ஒருக்காக் காசு தாறன், பிறகு கேக்காதை" என்கிற மனப்போக்கு. அப்படி 10 டொலருக்கு ஒரே தடவையாக விற்றால் கையில் 8.50, மாதம் 59 புது ஆட்கள் வேண்டும், அடுத்த மாதம் வேறு 59 பேர். சந்தை சின்னது என்பதால் அது சீக்கிரம் வற்றும். செலவோ வற்றாது. ஒவ்வொரு ஆகஸ்ட் 31க்கும் கூகுள் புதிய அன்ட்ரொயிட் பதிப்புக்குச் செயலியை மாற்றச் சொல்லும். ஐந்து வருசம் முன்பு 10 டொலர் தந்தவருக்கும் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். ஆகவே சந்தாதான் என் தெரிவு, ஆண்டுக் கட்டணமாக மட்டும். மாதச் சந்தா வைத்தால் மாதம் ஒரு தடவை "இதை நிறுத்துவமோ" என்று அவர்களுக்கு நீங்களே ஞாபகப்படுத்துகிறீர்கள்.

ஒப்பந்த வேலை

கையில் காசு சீக்கிரம் வருவது இதில்தான். மணித்தியாலத்துக்கு 10 டொலர் என்று ஃபைவர் என்ற ஒப்பந்த வேலைத் தளத்தில் வேலை எடுத்தால் அவர்கள் 20 வீதம் எடுத்து 8 தருவார்கள். 500க்கு மாதம் 63 மணித்தியாலம். அரை நேர வேலை போலத்தான் தெரியும். ஆனால் வேலை தேடுவது, விலை பேசுவது, "சின்ன மாற்றம்தான்" என்று வருகிற பத்தாவது மாற்றம், இவற்றுக்கு யாரும் காசு தருவதில்லை. முதல் சில மாதம் மதிப்பீட்டு நட்சத்திரத்துக்காக மலிவு விலையில் உழைக்க வேண்டியும் இருக்கும்.

காசு வருகிற வழியையும் விலை பேசும்போதே பேசிவிடுங்கள். பேபால் இலங்கைக்காரருக்கு நெடுங்காலமாகக் காசு கட்ட உதவியதே தவிர, வாங்க உதவவில்லை. இணையத்தில் அட்டைக் காசு வாங்க உதவுகிற ஸ்ட்ரைப் கணக்கை இங்கே திறக்க முடியாது. பேயோனியர் என்ற பணப்பரிமாற்றச் சேவையோ நேரடி வங்கி மாற்றமோதான் கதி. வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்கு டொலரில் வங்கி ஊடாக வருகிற வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து வரி உண்டு, ஆனால் உச்ச வீதம் 15. உள்ளூர் வருமானத்தில் அது 36 வரை போகும். எல்லாவற்றையும் வங்கி ஊடாகவே எடுங்கள். சித்தப்பாவின் கணக்குக்குப் போட்டு உண்டியலில் (வங்கிக்கு வெளியே கைமாற்றாக) எடுத்தால் இந்தச் சலுகையைக் கேட்க முகம் இருக்காது.

வாடிக்கையாளர் எந்த ஊர் என்பதும் உடம்புக்குப் பெரிய வித்தியாசம். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணி இடைவெளி. அவர்களுடைய காலை நம்முடைய பின்னேரம், நன்றாகப் பொருந்தும். ரொறன்ரோ ஒன்பதரை, பத்தரை மணி பின்னால். அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே இரவுச் சாப்பாடு.

சொந்தக்காரர் தருகிற வேலை தனி ரகம். பாரிசில் கடை வைத்திருக்கும் மாமா "ஒரு அப் செய்து தா தம்பி" என்பார். முற்பணம் கேட்டால் குடும்பம் முழுக்கக் கதை போகும், கேட்காவிட்டால் காசு போகும். நான் கேட்பதையே சொல்லுவேன்: பாதி முதலில், மீதி ஸ்டோரில் ஏறுமுன்.

உள்ளூர்க் கடைகள்

சுருக்கமாகச் சொல்லலாம். கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கோ திருநெல்வேலிச் சாப்பாட்டுக் கடைக்கோ தனிச் செயலி தேவையில்லை. ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப்பும் அவர்களுக்குப் போதும், அது சரியான முடிவும்கூட. அவர்களுக்குத் தேவை பில் போடுகிற, இருப்புக் கணக்கு வைக்கிற மென்பொருள். பராமரிப்புக்கு மாதம் 5,000 ரூபா தருகிற 30 கடை பிடித்தால் இலக்கு வந்துவிடும். ஆனால் பிறின்ரர் வேலை செய்யாவிட்டாலும் உங்களுக்குத்தான் அழைப்பு வரும். மோட்டார்சைக்கிளும் பொறுமையும் உள்ளவருக்கு இது நல்ல தொழில், அதைச் சுயாதீனச் செயலித் தொழில் என்று சொல்ல மாட்டேன்.

டயலொக்கின் ஐடியாமார்ட் போன்ற வழியும் உண்டு: குறுஞ்செய்திச் சேவை செய்து பாவனையாளரின் போன் மீதியில் இருந்து சிறு தொகை எடுப்பது. வங்கி அட்டை இல்லாதவரிடமும் காசு வாங்க முடிகிறது என்பது அதன் பலம். ராசிபலன் போல நாளாந்தச் சேவைக்குப் பொருந்தும். தான் எதற்குச் சந்தா கட்டுகிறோம் என்று மறந்துபோனவர்களின் மீதியில் ஓடுகிற வியாபாரமாக அது மாறிவிடக்கூடும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

கம்பனி வேலையோடு வைத்துப் பார்த்தால்

இதே 150,000 கம்பனிச் சம்பளமாக வந்தால் அதற்கு மேலே முதலாளி 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கும் 3 வீதம் நம்பிக்கை நிதிக்கும் கட்டுகிறார். தனியாளுக்கு அது இல்லை. ஆக சமன் செய்ய 172,500 உழைக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாமல் வங்கிக் கடனும் கஷ்டம், கல்யாணப் பேச்சும் கஷ்டம். பின்னதற்கு "வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை" என்று சொல்லித் தப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூகுளா, அப்பிளா

கூகுளுக்குப் பதிவுக் கட்டணம் 25 டொலர், ஒரே தடவை. அப்பிளுக்கு வருசம் 99 டொலர், அதோடு ஐபோன் செயலி கட்டுகிற எக்ஸ்கோட் மென்பொருள் ஓட மேக் கணினி வேண்டும். ஃபிளட்டர் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே நிரல் போதும், ஆனால் ஐபோன் பதிப்பைக் கட்டும்போது ஏதோ ஓர் இடத்தில் மேக் தேவைப்படும். கோட்மாஜிக் போன்ற சேவையில் இணையம் வழியாக மேக்கை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம்.

மலிவென்று கூகுளில் தொடங்கினாலும் அங்கேயும் ஒரு வாசற்படி உண்டு. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையாளராக இருந்த பிறகுதான் செயலியைப் பொதுவில் விட விண்ணப்பிக்கலாம். முதலில் 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள். யாழ். பல்கலைக்கழக நண்பர்களோ யாழ் ஐடி ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பின் பக்கம் பழகியவர்களோ இருந்தால் இது பெரிய பாடில்லை. காசு வாங்கும் செயலி என்றால் தனிநபரின் முழு முகவரியும் பிளே ஸ்டோரில் தெரியும். அப்பிளிலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க வியாபாரி என்று பதிந்தால் முகவரி, தொலைபேசி எண் காட்ட வேண்டும். பிரான்சில் இருக்கிற சந்தாதாரர் கோபத்தில் உங்கள் வீட்டுக்கே போன் எடுக்கலாம், அம்மாதான் எடுத்துப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். செயலிக்கென்று தனி சிம் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். லண்டன் பக்கம் ஒப்பந்த வேலை ஒன்றைப் பிடித்து மாதச் செலவை மூடுங்கள். மீதி நேரத்தில் புலம்பெயர்ந்தவர்களுக்கான ஒரே ஒரு செயலியை அன்ட்ரொயிட்டில் விடுங்கள். ஐம்பது பேராவது காசு கட்டிவிட்டார்கள் என்றால் அந்த 850 டொலரை முதலாக வைத்து மேக்குக்கும் அப்பிள் கணக்குக்கும் போகலாம். அவர்களுடைய வீடுகளில் ஐபோன் அதிகம், ஆகவே போயே ஆக வேண்டும். விளம்பரத்தை இலவசப் பதிப்பில் மட்டும், கீழே ஒரு பட்டையாக வையுங்கள். சந்தா கட்டச் சொல்லி உறுத்துவதற்கு அது போதும்.