“வணக்கம் அண்ணே”ன்னு ஆரம்பிச்சு 18,500 ரேண்டை முழுங்கினவன்: பழைய ஸ்கேட்போர்டு வாங்குறவங்க கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவுல டர்பன், ஜோபர்க், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பழைய ஸ்கேட்போர்டு சேர்க்கிற நம்மாளுங்க பத்துப் பேர் இருந்தாலும் சரி, பத்துப் பேரும் இதைப் படிச்சிடுங்க. வயிறு எரியுது, அதோடதான் எழுதுறேன். போனது 18,500 ரேண்ட்.

வீட்டுல கிடக்கிற சாமானை ஆளுக்கு ஆள் நேரடியா விக்கிற ஆன்லைன் சந்தை ஒண்ணு. பேர் வேண்டாம், உங்க போன்லயும் இருக்கும். அதுல ஒரு விளம்பரம்: பவல் பெரால்டா, மைக் மெக்கில், மண்டையோடும் பாம்பும், 1980-கள் ஒரிஜினல், ஒரு தடவைகூட ட்ரக் மாட்டாத டெக்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பவல் பெரால்டா ஸ்கேட்போர்டு கம்பெனி. டெக்னா சக்கரம் இல்லாத வெறும் பலகை, ட்ரக்னா அடியில சக்கரம் மாட்டுற உலோகப் பாகம். மெக்கில் 1984-ல ஸ்வீடன்ல ஒரு கோடை முகாம்ல, பலகையோட ஆகாயத்துல ஒன்றரைச் சுற்று சுத்தி இறங்கின ஆள். அந்தத் தாவலுக்கே மெக்ட்விஸ்ட்னு அவர் பேர்தான். அவர் பலகைக்கு அடியில அந்தப் பாம்பை வரைஞ்சவர் வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன். சேர்க்கிறவங்க சுருக்கமா வி.சி.ஜே.ன்னு சொல்லுவோம். எங்க அத்தை போன்ல அந்தப் படத்தைப் பார்த்துட்டு, “என்னடா இது, சிவன் கழுத்துல இருக்க வேண்டியது இங்க வந்து கிடக்கு”ன்னாங்க.

எனக்கு அந்தப் பாம்பு சின்ன வயசுப் பழக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருந்து அப்பாவோட பஸ்ல டவுனுக்குப் போவோம். கடற்கரையில குளிக்கிற இடம் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு மூணு பாஷையில போர்டு வச்சிருந்த காலம். ரோட்டோரம் ஒரு பையன் காலால தட்டிப் பலகையை நிமிர்த்தினான், அடியில இந்தப் படம். 1989-லதான் அந்தக் கடற்கரையெல்லாம் எல்லாருக்கும்னு ஆச்சு. அதுக்குள்ள எனக்குப் பலகை ஏறுற வயசு போச்சு. சரி, சுவத்துலயாவது மாட்டுவோம்னு இத்தனை வருஷம் கழிச்சு ஆசைப்பட்டா தப்பா?

“நடுத்தர வயசுல உனக்கெதுக்கு இது”ன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு ஒண்ணு. நம்ம குவாசுலு நட்டால்லயே, ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்குப் பிள்ளைங்களுக்கு ராம்ப் கட்டிக் கொடுத்த டல்லாஸ் ஓபர்ஹோல்சர், டோக்கியோ ஒலிம்பிக்ல 46 வயசுல ஸ்கேட்போர்டு போட்டியில இறங்கினாரு. நான் சுவத்துல ஆணிதானே அடிக்கப் போறேன்.

இப்ப அந்தப் பயல் கதைக்கு வர்றேன். மெசேஜ் போட்டதும் என் குடும்பப் பேரைப் பார்த்துட்டு முதல் வரியே “வணக்கம் அண்ணே.” மீதியெல்லாம் இங்கிலீஷ்தான், நம்மூர்ல அப்படித்தானே. தைப்பூசத்துக்கு அவனும் காவடி எடுக்கிறவனாம். போட்டோவும் அனுப்பினான்: மஞ்சள் வேட்டி, தோள்ல காவடி, முகம் பாதி தெரியாம. பெரியப்பா ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குக் குடிபோறாரு, கராஜைக் காலி பண்றோம், தெரியாத ஆளுங்ககிட்ட விக்க மனசில்லை, நம்ம ஆள்கிட்ட போனா பத்திரமா இருக்கும்னு உருகினான். எனக்கு அந்த இடத்துலதான் மனசு இளகுச்சு. காசைப் பத்தி நான் பேச்செடுத்தாக்கூட, “அண்ணே, அதைப் பார்த்துக்கலாம், முதல்ல சாப்டீங்களா?” இப்ப நினைச்சாலும் செவுட்டுல அறையணும்போல இருக்கு.

விலைக்கு அவன் சொன்ன நியாயம், 2019-ல சதபீஸ் ஏலம். நியூயார்க்குல சுப்ரீம்ங்கிற கம்பெனியோட பலகைங்க 248, மொத்தத் தொகுப்பும் 8 லட்சம் டாலருக்குப் போச்சு. அது நிஜம்தான். அதுக்கப்புறம் கராஜ்ல பலகை வச்சிருக்கிறவனுக்கெல்லாம் தங்கக் கட்டி கிடைச்ச நினைப்பு, அது வேற கதை.

நானும் சும்மா காசை அனுப்பலை. துளையை அளந்து போட்டோ போடுன்னு கேட்டேன். பழைய டெக்குல ட்ரக் மாட்டுற துளைகளோட நீளவாக்கு இடைவெளி இரண்டரை இஞ்ச், 63.5 மில்லிமீட்டர். 1990-கள் தொடக்கத்துலதான் அது 54 மில்லிமீட்டரா சுருங்குச்சு. அதனால 54 மட்டும் போட்ட பலகை 80-கள் சரக்கா இருக்கவே முடியாது. போட்டோ வந்துச்சு. ஸ்டீல் ஸ்கேல், பளிச்சுன்னு இரண்டரை இஞ்ச். வீடியோ கால் கேட்டேன்: “லோட் ஷெடிங் அண்ணே, கரண்ட் இல்லை, வைஃபை இல்லை.” வேற ஒருத்தர் கேப்டவுன்ல இருந்து 20,000 தர்றேங்கிறாரு, உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்னான். 18,500 ரேண்ட், உடனடி இஎஃப்டி, அதாவது பேங்க்ல இருந்து நேரா அவன் கணக்குக்கு. கணக்குல ஏறின நிமிஷம் “முருகன் துணை அண்ணே”ன்னு ஒரு வாய்ஸ் நோட். முருகனை வேற இதுல இழுத்தான்.

கூரியர் வந்துச்சு. பபிள் ராப்பைப் பிரிச்சா மடிப்பு மடிப்பா பழுப்புத் தூள். என்னன்னு விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன், மரத்தூள். ஓரத்தையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பழசாக்கியிருக்கான், தூளைத் தட்டிவிடக்கூட சோம்பேறித்தனம். வார்னிஷ் வாசம் குப்புன்னு அடிக்குது. பழைய பலகையில படம் சில்க் ஸ்கிரீன், ஒவ்வொரு வண்ணமா மை ஏத்தினது, விரல் வச்சா மேடு தட்டும். இதுல பாம்பு செதில் மேல விரலை ஓட்டினா வழவழன்னு வழுக்குது. வால் பக்கம் நகத்தை வச்சா ஃபிலிம் உரிஞ்சு வருது. மகனோட ஸ்கூல் ஸ்கேலை வாங்கித் துளையை அளந்தேன்: 54.

ஸ்கேல் வச்ச போட்டோ வெளிநாட்டுல எவனோ பழைய ஏலத்துல போட்டது. கூகிள்ல படத்தை வச்சுத் தேடினதும் முதல் வரிசையிலேயே நிக்குது.

மறுபதிப்பை மறுபதிப்புன்னு விக்கிறவங்ககூட எனக்குச் சண்டை இல்லை. பவல் பெரால்டாவே அதிகாரபூர்வமா போடுறாங்க, அழகா இருக்கும், நானே ஒண்ணு வச்சிருக்கேன். இது அதுவும் கிடையாது. வெறும் பலகையில ஒட்டின ஸ்டிக்கர். இதுக்கு 18,500 ரேண்ட்!

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. முதல்ல “அண்ணே டிரைவிங்ல இருக்கேன்.” அப்புறம் “கூரியர்காரன் மாத்திட்டான் போல.” அப்புறம் மனைவிக்கு ஆஸ்பத்திரி. கடைசியில “நீங்கதானே பார்த்து வாங்கினீங்க”, இந்தத் தடவை அண்ணே இல்லை. மறுநாள் புரொஃபைல் படம் காணோம், பேரும் மாறிப் போச்சு.

சந்தைக்காரங்களுக்கு எழுதினா, இந்த விளம்பரம் எங்க விதிகளை மீறலைன்னு ஒரு பதில், கீழேயே எங்க சேவைக்கு எத்தனை நட்சத்திரம்னு கேள்வி. திரும்ப எழுதினா, இது ரெண்டு தனிநபருக்கு இடையில நடந்த விற்பனை, நாங்க பொறுப்பில்லை. பேங்க்ல, நீங்களே அனுப்பின பணம், வாங்கினவர் சம்மதிச்சாத்தான் திருப்ப முடியும்னாங்க. திருடன் சம்மதிக்கணுமாம்! ஸ்டேஷன்ல ஒரு கான்ஸ்டபிள் என் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “பாபா, 18,500-க்கு ஸ்கேட்போர்டா? இதுல எஞ்சின் இருக்கா?” பக்கத்து மேஜைக்காரர் சிரிச்சாரு. கேஸ் நம்பர் எஸ்எம்எஸ்ல வந்துச்சு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் மூச்சு இல்லை.

விவரமா ஒரு வழிகாட்டி எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்லை. இதை மட்டும் பிடிச்சுக்குங்க. துளைப் படம் கேட்டா, கூடவே அன்னைக்கு தேதி எழுதின துண்டுச் சீட்டையும் பக்கத்துல வச்சு எடுக்கச் சொல்லுங்க. வர்ற ஒவ்வொரு போட்டோவையும் படத் தேடல்ல போட்டுப் பாருங்க. கையில வாங்கி நகத்தால ஓரத்தைச் சுரண்டிப் பார்க்காம இஎஃப்டி தட்டாதீங்க. வீடியோ கால்னதும் லோட் ஷெடிங்னு சொல்றவனை அப்பவே பிளாக் பண்ணுங்க.

இன்னொண்ணு, இதுதான் அவசரம். நேத்து ராத்திரி அதே சந்தையில புதுப் பேர்ல ஒரு விளம்பரம்: ஸ்டீவ் கபாயேரோ, டிராகன், 80-கள் ஒரிஜினல், பெரியப்பா பெர்த் போறாரு. அதே ஸ்டீல் ஸ்கேல் போட்டோ, ஓரத்தை மட்டும் வெட்டியிருக்கான். இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் யாராவது பேச்சு நடத்திக்கிட்டிருந்தா காசு அனுப்பாதீங்க, உடனே எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. அவன் இப்பக் கொடுக்கிற பேங்க் கணக்கு நம்பர் எனக்கு வேணும், கேஸ்ல சேர்க்கணும்.