கொல்லையிலிருந்து கூடத்துக்கு 30 விநாடி போதாது

இந்த முறை கும்பகோணம் போய்வந்ததில் விமானம், கல்யாணம், கோவில், சாப்பாடு எல்லாம் நன்றாகவே நடந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். அம்மாவின் செல்போன் எவ்வளவு நேரம் அடிக்கிறது என்கிற ஒரே காரியத்துக்காக அலைந்ததை மட்டும் எழுதுகிறேன். ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு வெளிநாட்டிலிருந்து போன் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

எங்கள் வீடு அந்தக் காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கிணற்றடி, கொல்லை என்று நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். போன் இருப்பது கூடத்தில். முன்பு பிஎஸ்என்எல் லேண்ட்லைன் இருந்த அதே ஸ்டாண்டில், எந்நேரமும் சார்ஜரில் மாட்டியபடி. அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது, இரண்டு முழங்காலிலும் வலி. பகலில் பாதிப் பொழுது கொல்லைப் பக்கம்தான். போனைக் கையோடு வைத்துக்கொள், கழுத்தில் மாட்டிக்கொள் என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. “நான் என்ன மாடா, மணி கட்டிவிடறதுக்கு?” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

லேண்ட்லைன் இருந்தவரை இந்தக் கவலையே இல்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு படி ஏறி, முற்றத்தைச் சுற்றி வந்து எடுக்கும்வரை அடிக்கும். காலிங் கார்டின் பின்னால் இருந்த எண்ணைச் சுரண்டிப் போன் போட்ட நாட்கள் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் ஞாபகம் இருக்கும். அம்மா ரிசீவரை எடுத்ததும் முதலில் மூச்சு வாங்கும் சத்தம், அப்புறம்தான் ஹலோ.

செல்போனில் கொஞ்ச காலமாக நாலு ரிங் போனதும் ஒரு பெண் குரல் வந்துவிடும். பீப் ஒலிக்குப் பிறகு உங்கள் செய்தியைப் பதிவு செய்யவும் என்று சொல்லும். மெல்போர்னில் இரவு ஒன்பது மணி, வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்காருகிறேன் என்றால் அங்கே சாயங்காலம் நாலரை. அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விழுந்துவிட்டாளோ, மயக்கமோ என்று மனது எங்கெல்லாமோ போகும். திரும்பத் திரும்பப் போட்டால் திரும்பத் திரும்ப அதே குரல். அம்மாவோ, “நான் கூடத்துக்கு வர்றதுக்குள்ள நின்னுபோயிடுதுடா” என்பாள். அவள் வாய்ஸ்மெயில் கேட்கிற ஆள் இல்லை. அப்படி ஒன்று தன் போனில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் அதில் என்னென்ன பேசி வைத்தார்களோ, யாரும் கேட்கவில்லை.

ஊருக்குப் போனதும் கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி அம்மா நம்பருக்குப் போட்டேன். 15 விநாடி. அதற்குமேல் அந்தக் குரல்தான்.

ஆஸ்திரேலியாவில் இதே குறை எனக்கும் இருந்தது. அங்கே யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. டெல்ஸ்ட்ரா கம்பெனி சிம்மில் **61*101**30# என்று அடித்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மெசேஜ்பேங்க் எடுப்பதற்கு முன் 30 விநாடி மணி அடிக்கும். 61 என்பது ‘பதில் இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்பு’ என்பதற்கான எண். 101 அவர்களுடைய வாய்ஸ்மெயில். கடைசியில் இருப்பது விநாடி. ஜிஎஸ்எம் என்கிற செல்போன் பொது விதிப்படி அது 5-லிருந்து 30 வரை, ஐந்து ஐந்தாக. உலகம் முழுக்க ஒரே ஏற்பாடு என்பதால் கும்பகோணத்திலும் இது ஐந்து நிமிட வேலை என்று நம்பி, சிம் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனேன்.

ஷோரூம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக மெல்போர்னில் இருப்பதைப் போலவே இருந்தது. டோக்கன் கொடுத்தார்கள். பழைய டெலிபோன் ஆபீசில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், தெரிந்தவர் ஒருவராவது வந்து “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார். இங்கே அவரவர் போனை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“வாய்ஸ்மெயிலா? அதெல்லாம் இப்ப யாரும் யூஸ் பண்றதில்லையே சார்.”

“எங்க அம்மாவும் யூஸ் பண்றதில்லம்மா. அதை எடுத்துவிடணும். இல்லைன்னா போன் கொஞ்சம் கூடுதலா அடிக்கணும்.”

நம்பரைத் தட்டிப் பார்த்தார். சிம் அப்பா பெயரில் இருந்தது. “கஸ்டமர் நேர்ல வரணும் சார்” என்றார். அப்பா இறந்துவிட்டார் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் மாறியது உண்மை. ஆனால் அடுத்து வந்தது காகிதப் பட்டியல். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், அம்மா நேரில் வந்து போட்டோ எடுத்துக்கொள்வது. பெயர் மாறிய பிறகுதான் எந்த வேலையும் செய்ய முடியும் என்றார். சரி, பெயர் மாற்றிவிட்டால் மணி அடிக்கும் நேரத்தைக் கூட்டிவிடுவீர்களா என்று கேட்டேன். “அது சிஸ்டம்தான் சார் முடிவு பண்ணும், எங்ககிட்ட ஆப்ஷன் இல்ல.” அப்புறம், வேண்டுமானால் காலர் ட்யூன் வைத்துத் தரலாம் என்றார். காலர் ட்யூன் போன் செய்கிறவர் காதில் ஒலிப்பது. அம்மாவின் போன் அதனால் ஒரு விநாடிகூடக் கூடுதலாக அடிக்காது.

முழங்கால் வலியோடு ஒரு வயதானவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து, பிரேம் போட்ட அப்பாவின் பெயரை ஒரு சிம்மிலிருந்து அழித்து, அதற்கப்புறமும் கேட்டது கிடைக்காது என்றால் எதற்காக அங்கே அந்தக் கவுன்டர் இருக்கிறது? கஸ்டமர் கேருக்குப் போட்டேன். தமிழுக்கு ஒரு எண், பிளானுக்கு ஒரு எண், ஆஃபருக்கு ஒரு எண். மனிதர் குரல் எந்த எண்ணில் என்று கடைசிவரை பிடிபடவில்லை. மெல்போர்னிலும் மனிதர் குரல் சுலபத்தில் கிடைக்காது, அது வேறு விஷயம். ஆனால் அங்கே கோடு என்ன என்பதைக் கம்பெனியே எழுதி வைத்திருக்கும்.

வேலை முடிந்தது எங்கள் தெருமுனை ரீசார்ஜ் கடையில். ஸ்டிக்கர், டெம்பர்ட் கிளாஸ், ஜெராக்ஸ், பஸ் டிக்கெட் எல்லாம் ஒரே கடையில். அங்கே இருந்த தம்பி அம்மாவின் பட்டன் போனை வாங்கி *#61# என்று அடித்தார். அழைப்பு எங்கே போகிறது என்பது ஒரு எண்ணாகத் திரையில் வந்தது. “இதாண்ணே வாய்ஸ்மெயில். எப்பவோ ஆஃபர் கால்ல ஒன்ன அமுக்கச் சொல்லியிருப்பாங்க, அம்மா அமுக்கியிருப்பாங்க.” அப்புறம் ##61# அடித்தார். அழிந்தது. அவ்வளவுதான், டோக்கனும் இல்லை, வாரிசுச் சான்றிதழும் இல்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். இப்போது 30 விநாடி அடித்துக் கட் ஆனது. அதற்குமேல் போகவில்லை. அம்மாவைக் கிணற்றடியில் நிற்கவைத்து வரச் சொன்னேன். முற்றத்தைத் தாண்டும்போதே நின்றுவிட்டது.

மறுநாள் கடைக்குப் போனபோது அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார், “30 தான்ணே, டிராய் ரூல்.” டிராய் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அவர் சொன்னது சரிதான். 2019-இல் இங்கே ஒரு சண்டை நடந்தது. ஒரு கம்பெனி நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்கு அழைப்பு போனால் போன் செய்கிறவரின் கம்பெனி மற்றதற்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டும். மணி சீக்கிரம் நின்றால் அது மிஸ்டு கால் ஆகும், எடுக்க முடியாதவர் திருப்பிப் போடுவார், பைசா போகும் திசை மாறிவிடும். ஜியோ மணி அடிக்கும் நேரத்தைக் குறைக்க, பதிலுக்கு ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 25 விநாடிக்குக் குறைத்தன. கடைசியில் டிராய் தலையிட்டு அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உத்தரவு போட்டது. செல்போனுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி. அந்த 6 பைசா 2021 ஜனவரியோடு ஒழிந்துவிட்டது. 30 விநாடி அப்படியே நிற்கிறது.

லேண்ட்லைனுக்கு ஏன் இரண்டு மடங்கு? அது ஒரே இடத்தில் இருக்கும், ஆள்தான் அதைத் தேடி நடந்து வர வேண்டும். செல்போன் சட்டைப்பையில் இருக்கும். இந்தக் கணக்கு எனக்கும் உங்களுக்கும் பொருந்தும். எங்கள் அம்மா மாதிரி எத்தனையோ அம்மாக்களுக்குப் பொருந்தாது. லேண்ட்லைன் வயரை எலி கடித்து, லைன்மேன் வராமல் போய், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பட்டன் போனை அதே ஸ்டாண்டில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது லேண்ட்லைன்தான். கேட்கிறவர்களுக்கு மட்டும், வயதானவர்களுக்கு மட்டும், 60 விநாடி கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆஸ்திரேலியாவிலும் 30-க்கு மேல் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வீடுகள் சின்னவை, கிணற்றடி கிடையாது. நம் ஊர் வீட்டுக்கு நம் ஊர்க் கணக்குதான் வேண்டும்.

அதற்கும் அந்தத் தம்பியே ஒரு வழி சொன்னார். அம்மா எடுக்காவிட்டால் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போவதற்குப் பதிலாக ஒரு மனுஷரிடம் போகட்டுமே என்றார். எதிர்வீட்டு அத்தையின் நம்பருக்கு. போனின் செட்டிங்ஸில் கால் டைவர்ட், அதற்குள் பதில் இல்லாவிட்டால், அதற்குள் எத்தனை விநாடி என்று கேட்கும். 30 வைக்காதீர்கள், அழைப்பு கட் ஆகும் நேரமும் அதுவே, 25 வையுங்கள் என்றார். எல்லா சிம்மிலும் இது போகாது என்பதையும் சொன்னார். கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை அமுக்குங்கள் என்று ஏமாற்றி, அழைப்பையும் போனில் சொல்லப்படும் ஓடிபியையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும் திருடர்களால், 2024 ஏப்ரல் 15 முதல் *401# போன்ற கோடுகளை அடித்து டைவர்ட் செய்வதை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஷோரூமில் அந்தப் பெண் தொடத் தயங்கியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்லியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன்.

அம்மாவின் சிம்மில் டைவர்ட் வேலை செய்தது. டைவர்ட் ஆகிற அழைப்பு அம்மாவின் கணக்கில் அவுட்கோயிங்காக விழும். அன்லிமிடெட் பிளான் என்பதால் கூடுதல் செலவு இல்லை. பேங்கிலிருந்து வரும் அழைப்பும் அத்தைக்குப் போய்விடும் என்பதால், நாற்பது வருஷமாக நம் வீட்டுச் சாவியை வைத்திருக்கிற மாதிரி ஒருவர் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பணம் கொடுத்தேன், அந்தத் தம்பி வாங்கவில்லை. “ரீசார்ஜ் மட்டும் நம்மகிட்ட போடச் சொல்லுங்கண்ணே” என்றார். மெல்போர்னில் இத்தனை வருஷத்தில் ஒரு கடைக்காரர் என் அம்மா எவ்வளவு நேரத்தில் நடப்பார் என்று கேட்டதில்லை. இவர் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் 25 என்றார்.

ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வெளிநாட்டு சிம்மை ரோமிங்கில் போட்டு எடுத்துப் போனால், ஏறுவதற்கு முன்பே ##004# அடித்து வாய்ஸ்மெயிலை நிறுத்திவிடுங்கள். நீங்கள் எடுக்காத அழைப்பு இந்தியா வரை வந்து, வாய்ஸ்மெயிலுக்காகத் திரும்ப அங்கேயே போகும். சில கம்பெனிகள் போக வர இரண்டுக்கும் காசு பிடிக்கும்.

திரும்பி வந்த பிறகு நாலரை மணிக்கே போன் போடுகிறேன். பாதி நாள் அம்மா எடுக்கிறாள். மீதி நாள் 25 விநாடி கழித்து அத்தையின் குரல், “இருப்பா, கூப்பிடறேன்” என்று. தெருவைத் தாண்டி அத்தை கூப்பிடுவது எனக்கே கேட்கிறது. பெயர் மாற்றம் மட்டும் பாக்கி. அடுத்த தடவை போகும்போது வாரிசுச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு அதே ஷோரூமுக்குப் போகத்தான் வேண்டும்.